கலியாண எழுத்தில் ஒரு மரண அறிவித்தல்

எமில்ராஜ் அண்ணைக்குக் கோபம் வருவது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான்: செத்தவீட்டு நோட்டீசுக்கு யாராவது "வடிவான எழுத்து" கேட்டால். யாழ்ப்பாணத்தில் எங்கள் அச்சகத்தில் பதினேழு வருசமாகக் கொம்பியூட்டரில் நோட்டீஸ் அமைப்பவர் அவர். நான் பக்கத்து மேசை. கொடியும் பூவும் சுழியுமாக உள்ள எழுத்தெல்லாம் கலியாணத்துக்கும் பெண்பிள்ளைகளின் சாமத்திய வீட்டுக்கும். மரணத்துக்கு ஒரே தடிப்பில், ஓர் அலங்காரமும் இல்லாத மொட்டை எழுத்து. "அழுறவைக்கு வடிவு பாக்க நேரமில்லை. ஆரோ மோசம் போயிட்டினம் எண்டு சைக்கிளிலை போறவனுக்கும் தெரியவேணும்" என்பார்.

இந்தப் பாடம் நன்றாக ஏறியது அவருடைய தாய் மக்டலீனுக்கு. குருநகரில் மீன் விற்று இரண்டு ஆண்பிள்ளைகளை வளர்த்தவர். ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் மதிலில் மொட்டை எழுத்தைக் கண்டால் நின்று சிலுவை போடுவார். ஆள் யார் என்று பிறகுதான் விசாரிப்பார்.

போன மாசியில் இளைய மகன் கனிசியஸ் பிரான்சில் மாரடைப்பால் செத்துப்போனார். அங்கேயே அடக்கம். தாய்க்கு அப்போதுதான் இருதயத்தில் ஒப்பரேசன் முடிந்திருந்தது. அதிர்ச்சி கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். "தம்பிக்கு வேலை கூட, அதுதான் போன் எடுக்கேல்லை" என்று அண்ணை நாளைக் கடத்தினார். அயலட்டைச் சனத்திடமும் சொல்லவேண்டாம் என்று கெஞ்சி வைத்தார். ஆனால் முப்பத்தொராம் நாள் பூசைக்கு அறிவித்தல் ஒட்டாமல் விட முடியுமா? அது செத்தவனை அவமதிப்பது.

அன்று முழுக்க அவர் அந்த ஒரு நோட்டீசோடு இருந்தார். படத்தை எடுத்துவிட்டார். கறுப்புக் கரையை எடுத்துவிட்டார். தம்பியின் பெயரைக் கொடியெழுத்தில் போட்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"என்ன அண்ணை, கலியாணக் கார்டோ?"

"ஒட்டுறது அம்மா கோயிலுக்குப் போற வழியிலை" என்றார்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். அந்தச் சனம் மூடிக்கொண்டது. அதற்காக அவர்களைக் கும்பிடலாம். கையைத்தான் ஒருவரும் நினைக்கவில்லை. அடுத்தநாள் கோயில் மதிலில் இருந்த பூவெழுத்தைக் கடந்தவர்கள் எல்லாரும் சிலுவை போட்டுக்கொண்டு போனார்கள்.

மத்தியானம் மக்டலீன், கிழித்தெடுத்த நோட்டீசோடு அச்சகத்துக்கு வந்தார்.

"உது கலியாண எழுத்து" என்றார். "கலியாணத்துக்கு ஆர் சிலுவை போடுறது? என்னைக் கண்டதும் கையைக் கீழை விடுகினம். என்ரை பிள்ளையோ?"

"ஓம் அம்மா."

அவர் கடதாசிக் கட்டின்மேல் உட்கார்ந்தார். அண்ணைதான் குலுங்கி அழுதார்.

"ஊரிலை எல்லாரையும் ஒழுங்கா அனுப்பினனி. உன்ரை தம்பியை மட்டும் ஏன் இப்பிடி அனுப்பினனி? மாத்தி அடி, மோனை."

அடித்தார். மொட்டை எழுத்து, கறுப்புக் கரை, படம். முதல் தாளைத் தாயின் மடியில் விரித்தார். மக்டலீன் படத்தைத் தொடவில்லை.

"இதிலை எது அவன்ரை பேர்?"

அண்ணை அவருடைய விரலைப் பிடித்து அந்த எழுத்துகளின் மேல் வைத்தார். கடை பூட்டும்வரை விரல் அங்கேயே இருந்தது.