ஒற்றைப் பொத்தான் டார்ச்

நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் கறிக்கோழி வளர்க்கும் கொட்டகை, ஒரு செட்டு, இருக்கிறது. நானும் என் வீட்டுக்காரரும்தான் பார்த்துக்கொள்கிறோம். குஞ்சு இறங்கிய முதல் இரண்டு வாரம் தூக்கம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். ஒருவர் படுத்தால் இன்னொருவர் எழுந்துகொள்ள வேண்டும். அந்த நாட்களில் எங்களுக்குள் பேச்சு என்று பெரிதாக எதுவும் இருக்காது. தண்ணீர் வருகிறதா, சூட்டுக்குப் போட்ட பல்பு எரிகிறதா, அவ்வளவுதான்.

பழைய டார்ச் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து வீணானபின் அவர் ராசிபுரம் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்தார். சார்ஜ் போடுகிற வகை. பழையதில் பொத்தானை முன்னால் தள்ளினால் எரியும், பின்னால் இழுத்தால் அணையும். இதில் எல்லாவற்றுக்கும் ஒரே பொத்தான். ஒரு தட்டு தட்டினால் எரியும், இன்னொரு தட்டில் அணையும். எரியும்போது அழுத்திப் பிடித்தால் வெளிச்சம் மாறிக்கொண்டே போகும்: பெரியது, நடுத்தரம், மங்கல், கடைசியில் விட்டு விட்டு மின்னுவது. அவருக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. எனக்கோ, தட்டும்போதெல்லாம் ஒவ்வொரு மாதிரி எரிந்தது. ஒரு நாள் கண்ணைக் கூசும், மறுநாள் மங்கும். சரியில்லாத டார்ச்சை ஏமாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். அதைச் சொல்லி வாய் வளர்க்கவும் தெம்பில்லை.

குஞ்சுகளுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் வயது இருக்கும். ஒரு சாயங்காலம் மழை இருட்டிக்கொண்டு வந்த நேரத்தில் தீவன லாரி வந்தது. ரோட்டிலிருந்து எங்கள் தோட்டத்துக்குத் திரும்பும் இடம் குறுகல். அவர் அங்கே போய் நின்று, டிரைவருக்குத் தெரிவதற்காக டார்ச்சை மின்னவிட்டுக் காட்டினார். மூட்டைகளை இறக்கி லாரி போனதும் டார்ச்சை அணைத்து, செட்டுக் கதவில் இருக்கும் ஆணியில் மாட்டினார். கொஞ்ச நேரத்தில் காற்று வீச, கரண்ட் போனது.

பல்பு அணைந்து இருட்டானால் குஞ்சுகள் குளிருக்கு ஒன்றையொன்று நெருக்க ஆரம்பித்துவிடும், அடியில் சிக்கியது மூச்சு முட்டிப்போகும். அவர் ஜெனரேட்டரைக் கிளப்ப ஓடினார். நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் தட்டினேன்.

பளிச் பளிச்சென்று வெட்டியது. அத்தனை குஞ்சும் ஒரே அலறலாக எதிர் மூலைக்கு ஓடின. ஒன்றின் மேல் ஒன்று ஏறின. நான் பதறிப்போய் அழுத்திப் பிடித்தேன். மின்னல் நின்று, இருப்பதிலேயே பெரிய வெளிச்சம் வந்தது. இன்னும் நெருக்கின. எப்படியோ அணைத்துத் தூரப் போட்டுவிட்டு, இருட்டிலேயே மண்டியிட்டுப் போய் மூலையில் கைவிட்டேன். அள்ளி அள்ளிப் பின்னால் விட்டேன். விட்டதெல்லாம் திரும்பி அங்கேயே ஓடிவந்தன. அடியில் கை போகப் போகச் சூடாக இருந்தது. சில அசையவில்லை.

ஜெனரேட்டர் கிளம்பி பல்பு எரிந்தபோது அவர் கதவில் நின்றுகொண்டிருந்தார். வந்து பக்கத்தில் உட்கார்ந்து, செத்ததைத் தனியாக எடுத்து வைத்தார்.

“ஏனுங்க, இந்த டார்ச்சுல என்ன பண்ணி வெச்சீங்க?” என்று கேட்டேன்.

“லாரிக்காரனுக்குக் காட்டறதுக்கு மின்ன உட்டேன். அணைச்சா மறந்துரும்னு நெனச்சேன் புள்ள. அது அப்பிடியே வெச்சுக்கும்னு எனக்குத் தெரியாது.”

குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்தோம். செத்ததை அள்ளிய கூடையைக் கழுவிக் கவிழ்த்தேன்.

மறுநாள் மத்தியானம் சோறு தின்ற கையோடு டார்ச்சை எடுத்து வைத்து உட்கார்ந்தோம். தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு, வெளிச்சம் தெரிகிற மாதிரி ஆளுக்கொரு தடவை தட்டிப் பார்த்தோம். மங்கலில் அணைத்தால் மங்கலிலேயே எரிந்தது. பெரியதில் அணைத்தால் பெரியது. அதில் கோளாறு எதுவுமில்லை. கடைசியாக எப்படி எரிந்ததோ அதையேதான் திரும்பக் கொடுத்தது. அவர் வைத்ததை நான் எடுத்தேன், நான் வைத்ததை அவர் எடுத்தார், அவ்வளவுதான் நடந்திருக்கிறது. பிறகு, அணைந்திருக்கும்போது தட்டாமல் நான் சும்மா அழுத்திப் பிடித்துப் பார்த்தேன். விளக்குத் திரியைக் குறைத்து வைத்த மாதிரி லேசாக எரிந்தது. மின்னலில் வைத்து அணைத்துவிட்டு, மறுபடி அழுத்திப் பிடித்தேன். அதே லேசான வெளிச்சம்தான்.

“அப்ப செட்டுக்குள்ள போகையில தட்டவே கூடாது. புடிச்சுத்தான் போடோணும்,” என்றார் அவர்.

“இதெ வாங்குன அன்னிக்கே பாத்திருக்கலாமுங்க.”

அவர் டார்ச்சைத் துண்டில் துடைத்து எடுத்துக்கொண்டார். “நீ போய்ப் படு. நான் பாத்துக்கறேன்,” என்றார். படுத்தேன். தூக்கம் வரவில்லை. எழுந்து போகவும் முடியவில்லை.

அந்த வாரமே மறுபடி கரண்ட் போனது. கதவுக்கு வெளியிலேயே நின்று பொத்தானை அழுத்திப் பிடித்து, அந்த லேசான வெளிச்சத்தோடு உள்ளே போனேன். ஒன்றிரண்டு குஞ்சுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. மற்றவை உட்கார்ந்த இடத்திலேயே இருந்தன. நெருக்கிக்கொண்டு இருந்தவற்றை மெதுவாக விலக்கிவிட்டேன். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முழங்கால் வலிதான் தெரிந்தது.

கோழிகள் வளர்ந்து வண்டியேறிப் போனபின் செட்டைக் கூட்டிக் கழுவினோம். அடுத்த குஞ்சு எப்போது இறக்கலாம் என்று குஞ்சு கொடுக்கிற கம்பெனியிலிருந்து போனில் கேட்கிறார்கள் என்றார் அவர். நான் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, ஒரு வாரம் போகட்டுங்க என்றேன். அவரும் சரி என்றார்.