ஒரு கணினிக்கு மட்டும்

வேலைக்குக் கிளம்பிய லிஃப்ட்காரர் கீழே இறங்காமல் முதலில் ஒரு மாடி மேலே ஏறுகிறார். நர்ஸம்மா வீட்டுக் கதவை ஒற்றை விரலால் தட்டி, "நெட்டு வருதாம்மா?" என்கிறார். வருகிறது என்று உள்ளிருந்து குரல் வந்த பிறகே திரும்புவார். தரைத்தளத்தில் தையல்கார அக்காவிடமும் அதே கேள்வி. போன் பாடிக்கொண்டே இருந்தால்தான் அந்த அக்காவுக்கு மிஷினில் கால் ஓடும். "ஜோரா வருதுண்ணே" என்பாள். அதைக் கேட்டால்தான் அவருக்குத் தெருவில் இறங்க மனம் வரும்.

ஊரில் பாதி லிஃப்டுகளை ஓட வைக்கிறவர் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. யாராவது சொல்லிச் சிரித்தால், "இருந்தா கல்யாணம் காட்சின்னு கூட என்னை வெளிய விடமாட்டீங்க" என்று அவரும் சிரிப்பார். வேறொருவர் பராமரிக்கும் லிஃப்டில் அவர் ஏறுவதில்லை. ஆறு மாடியானாலும் படிதான். மேலே போய் மூச்சு வாங்கிக்கொண்டே, "கயித்துச் சத்தம் சரியில்ல" என்று மட்டும் சொல்வார்.

எந்தப் பொருள் கையில் கிடைத்தாலும் கவிழ்த்துப் பார்ப்பது அவர் வழக்கம். அடியில் ஒட்டியிருக்கும் எண்ணைப் படித்தால்தான் அதை நம்புவார். "தகட்டுல இருக்கிறதுதான் மெஷினோட பேரு. மத்ததெல்லாம் நாமளா கூப்பிடுறது" என்பார். மகள் புள்ளியியல் படிக்கப் போனபோது, அந்தப் புத்தகத்தையும் திருப்பிப் பின்னட்டையைத்தான் முதலில் பார்த்தார்.

அந்தக் கட்டடத்தின் சுவர்கள் தடிமன். போன் டேட்டா ஒரு கோட்டுக்கு மேல் காட்டாது. மகளின் படிப்புக்காக இணைய லைன் வாங்கியவர், வைஃபை பெட்டியை அவள் அறையில் வைக்காமல் வாசல் கதவுக்கு மேலே ஆணியடித்து மாட்டினார். அங்கிருந்தால் படிக்கட்டு வழியாக மேலேயும் கீழேயும் போகுமாம். பாஸ்வேர்டு தெரியாத ஆள் கட்டடத்தில் இல்லை. "ஏங்க, வாசல்ல ஒரு போர்டு எழுதி மாட்டிருங்களேன். ஒவ்வொருத்தரா நிறுத்திச் சொல்ற வேலை மிச்சம்" என்று மனைவி குத்துவாள். அவர் அதை ஒரு நல்ல யோசனையாக எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்ததுண்டு.

போன மாதம் மகளுக்கு ஓர் ஆய்வு நிறுவனத்தில் நேர்காணல். கணினி வழியாகத்தான். வீட்டில் முதல் பட்டதாரி, முதல் நேர்காணல். நடுவில் திரை உறைந்துவிட்டது. "நெட் போயிடுச்சுப்பா" என்றாள் வெளியே வந்து. அவர் பெட்டியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். "ஒரு ஆள் ஏற வேண்டியதுல ஊரையே ஏத்தி விட்டிருக்கேன்" என்றார்.

அவள் சொன்னது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. அவள் கல்லூரியில் செய்த ஆய்விலிருந்து ஓர் அட்டவணையைக் காட்டி, "இதிலிருந்து இந்த முடிவுக்கு எப்படி வந்தீர்கள்?" என்று கேட்டார்கள். அவளுக்கு வாய் எழவில்லை. திரை உறைந்தது அதற்குப் பின்னால். உறைந்தபோது அவளுக்கு வந்தது நிம்மதிதான். லைன் துண்டிக்கப்பட்டுவிட்டது என்று எழுதிப் போட்டாள். அவர்களும் பெருந்தன்மையாக இன்னொரு தேதி கொடுத்தார்கள். இதுதான் கடைசி வாய்ப்பு என்றும் சேர்த்து எழுதியிருந்தார்கள். அப்பாவிடம் உண்மையைச் சொல்ல எத்தனையோ முறை வாயெடுத்தாள். ஒவ்வொரு முறையும் அவர் முந்திக்கொண்டு மன்னிப்பு கேட்டார்.

அந்த ஒரு நாள் மட்டும் யாரும் நெட்டைத் தொடாதீர்கள் என்று சொல்ல மாடி ஏறினார். அரை மணி நேரம் கழித்து, நர்ஸம்மா வீட்டுத் தாழ்ப்பாளைச் சரிசெய்துவிட்டு வந்தார்.

"சொன்னீங்களாப்பா?"

"நெட்டு வருதான்னு கேட்டேன். வருதுன்னாங்க. அதுக்கு மேல வாய் வரல."

"பாஸ்வேர்டை மாத்திடலாமே?"

"மாத்தினா திரும்பக் கேப்பாங்க. கேட்டா நான் சொல்லிருவேன். என்னைத் தெரியாதா உனக்கு? என் வாயால திறக்க முடியாத பூட்டா ஏதாச்சும் இருக்கா?"

இருந்தது. ஒவ்வொரு கருவிக்கும் பன்னிரண்டு எழுத்தில் ஒரு முகவரி உண்டு, பட்டியலில் எழுதிய முகவரியை மட்டும் பெட்டி உள்ளே விடும், பாஸ்வேர்டு தெரிந்தாலும் மற்றவர்களுக்குக் கதவு திறக்காது என்று மகள் விளக்கினாள். அவர் முகம் மலர்ந்தது. "ஒரே ஆள் லிஃப்டு!"

அன்று பதினோரு மணிக்கு நேர்காணல். மனைவி வேலைக்குப் போய்விட்டாள். இவர் அரை நாள் விடுப்பு. பத்து மணிக்கு மகள் குளிக்கப் போனபோது, இந்த வேலையையாவது தானே செய்து கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. கணினியைத் துண்டு விரித்துக் கவிழ்த்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, அடியில் ஒட்டியிருந்த பன்னிரண்டு எழுத்தையும் ஓர் அட்டையில் பெயர்த்து எழுதினார். போனில் பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, பட்டியலில் அதை மட்டும் ஏற்றிச் சேமித்தார். பெட்டி அணைந்து எழுந்தது. அவர் போன் வெளியே தள்ளப்பட்டது.

"பாப்பா! பூட்டினவனையே வெளிய தள்ளிருச்சு! அவ்வளவு கறார்!" குளித்து வந்தவளிடம் போனை ஆட்டிக் காட்டினார்.

அவள் கணினியைத் திறந்தாள். அதையும் உள்ளே விடவில்லை.

மறுபடி முயன்றாள். மறுபடியும் அதே. அவர் சிரிப்பு மெல்ல வடிந்தது. கணினி திரையில் காட்டும் முகவரியையும் அட்டையில் இருந்ததையும் அவள் ஒப்பிட்டாள். வேறு வேறு.

"அப்பா, இது வயர் சொருகுற இடத்தோட நம்பர். வைஃபைக்கு வேற நம்பர் இருக்கு."

"ஒரு மெஷினுக்கு ரெண்டு பேரா?" யாரோ தன்னைப் பல வருடங்களாக ஏமாற்றி வந்ததுபோல அவர் கேட்டார்.

"ரெண்டு வாசல்ப்பா. வயரைச் சொருகினா விட்டுரும். வயர் எங்க?"

பெட்டியோடு வந்த மஞ்சள் வயர் பரண் மேல் கிடைத்தது. மூன்று முழம்கூடத் தேறாது. மேசையை வாசல் வரை இழுத்தார்கள். ஆணியிலிருந்து பெட்டியைக் கழற்றினார் அவர். வெளியிலிருந்து வரும் லைன் அவர் நெஞ்சு உயரம் வரைதான் இறங்கிக் கொடுத்தது. மஞ்சள் வயரின் நுனியில் இருந்த கொக்கி ஒடிந்திருந்தது. கட்டை விரலால் அழுத்திப் பிடித்தால் மட்டும் விளக்கு எரிந்தது. மணி பத்து ஐம்பத்தாறு.

"உள்ள போய் லிஸ்ட்டைச் சரி பண்ணிடறேன்ப்பா. ஆனா சேமிச்சா பெட்டி அணைஞ்சு எழும்பும், அதுக்கே அஞ்சு நிமிஷம்."

"ஓடுற மெஷின்ல கை வைக்காதே. நான் பிடிச்சுக்கறேன். நீ உக்காரு."

"முக்கால் மணி நேரம் ஆகும்ப்பா."

"ஏன், எனக்கு வேற ஆபீஸ் இருக்கா?"

அப்போதுதான் நர்ஸம்மா இறங்கி வந்தாள். இரவு வேலை முடிந்து வந்த கண்கள். "அண்ணே, நெட்டு போச்சே, என்னாச்சு?"

பெட்டியை நெஞ்சோடு பிடித்தபடி அவர் அசையாமல் நின்றார். காதெல்லாம் சிவந்துவிட்டது. "போகலம்மா. நான்தான் நிறுத்தினேன். பாப்பாவுக்கு இன்டர்வியூ."

"அட ஏண்ணே, சொல்லியிருந்தா நாங்களே ஆஃப் பண்ணி வச்சிருப்போமே! இதுக்கா இப்படி மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்கிறீங்க?" மகளைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். "பாப்பா, பயப்படாம பேசு." தையல்கார அக்காவிடம் சொல்லவோ என்னவோ, செருப்புச் சத்தம் கேட்காமல் கீழே இறங்கினாள்.

மகள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். கேள்வி கேட்பவர்களின் குரல் அவளுக்கு மட்டும். அவருக்குக் கேட்டது அவள் பேச்சு மட்டும்தான், அதுவும் ஆங்கிலத்தில். புரியாத இடத்திலும் அவர் தலையாட்டினார். விரல் வெளுத்தபோது, அழுத்தத்தை விடாமல் வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினார். கயிறு அறுந்த லிஃப்டைக்கூட இவ்வளவு பயத்தோடு அவர் பிடித்திருக்க மாட்டார் என்று அவளுக்குத் தோன்றியது.

இருபதாவது நிமிடத்தில் அந்தக் கேள்வி வந்தது. வேறு அட்டவணை, அதே கேள்வி. எப்படி இந்த முடிவுக்கு வந்தீர்கள்? அவள் எண்களைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். எதிர்முனையில் இருந்த அம்மாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, கரிசனமாகத்தான் கேட்டாள்: "மறுபடியும் உங்கள் லைன் துண்டிக்கப்பட்டுவிட்டதா?"

ஒரு தலையாட்டல் போதும். அவள் திரைக்கு மேலாகக் கண்ணை உயர்த்தினாள். அப்பாவின் கட்டை விரல் வயர் மேல் இருந்தது. பெட்டியில் எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன.

"இல்லை, லைன் நன்றாக இருக்கிறது" என்றாள் ஆங்கிலத்தில். "எனக்குத்தான் இதற்குப் பதில் உடனே தெரியவில்லை. ஒரு நிமிடம் கொடுங்கள், யோசித்துச் சொல்கிறேன்."

அவர் காதில் விழுந்து புரிந்தது 'லைன்' என்ற ஒரு சொல்தான். அதன் பிறகு மகள் பேசவில்லை. லைன்தான் போய்விட்டது என்று அவர் பதறிப்போய், விரலை எடுக்காமல், குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நின்று, மஞ்சள் வயர் விடுகிற உயரம் மட்டும் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.