கவ்வாத்து மலையில் ஒரு விரிவுரையாளர்

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். காற்று அழுவதாகவும் மலை யோசிப்பதாகவும் எழுதிய பழைய ஆங்கிலக் கவிஞர்களைப் பற்றி வகுப்பு நடந்தது. இயற்கைக்கு மனித உணர்வு தரும் உதாரணம் ஒன்றை விரிவுரையாளர் கேட்டார். நான் எழுந்தேன். தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து பல்கலைக்கழகப் படிகளை மிதித்த முதல் ஆள் என்பதால் எதற்கும் எழுந்துவிடுவேன்.

இடுப்பளவு தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிக் குறைக்கும் வேலைக்குக் கவ்வாத்து என்று பெயர். முதல் வெட்டுக்கு முன் மலையிலேயே தேங்காய் உடைத்துச் சாமி கும்பிடுவார்கள். என் அப்பா அதோடு செடியையும் தொட்டு, "ஆத்தா, வலிக்கும், பொறுத்துக்க" என்பார். அதைச் சொன்னேன்.

விரிவுரையாளர் சிரித்தார். "தம்பி, கவிஞர் சொன்னா அது கற்பனை. உங்கட அப்பா சொன்னா அது பயம்."

வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு அவர் ஒருநாள் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

ஆறு வருடம் கழித்து அவரே தொலைபேசியில் அழைத்தார். நான் அப்போது ஹட்டன் பக்கம் ஆசிரியர். மலையக மக்களின் இயற்கை வழிபாடு பற்றி ஆய்வு செய்கிறாராம். கவ்வாத்துப் பூசையைப் பார்க்க வேண்டுமாம். "வாங்க சேர்" என்றேன். ஒரு வாரமாக மழை. அந்த ஈரத்தில் காலில் சவுக்கார சோப்பு பூசாமல் எங்கள் ஆட்கள் யாரும் மலை ஏற மாட்டார்கள், இரத்தம் குடிக்கும் அட்டை விடாது. "செருப்பே போதும் சேர்" என்றேன்.

காலையில் லயத்து வாசலில் சவுக்காரம் பூசாமல் செருப்போடு நின்ற அவருடைய காலைப் பார்த்த அப்பா என் பக்கம் திரும்பினார்.

"நீ ஒன்னும் சொல்லலையா?"

"மறந்துட்டேன்பா."

"மறக்கிற ஆளா நீ?"

உள்ளே போய்ச் சவுக்காரக் கட்டியோடு வந்து குனிந்தார். "அவரே பூசிக்குவாரு, விடுங்கப்பா" என்றேன். அப்பா கேட்கவில்லை. அந்தக் கால்களை அப்பாவின் கை தேய்ப்பதைப் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டேன். வகுப்புச் சிரிப்பே தேவலை.

மலையில் தேங்காய் உடைந்தது. அப்பா செடியைத் தொட்டு வழக்கம்போல் சொன்னார். விரிவுரையாளர் செடிகளுக்குள் குனிந்து நுழைந்து குறிப்பேட்டில் எழுதினார்.

"ஐயா, செடிக்கு வலிக்கும் எண்டு உண்மையா நம்புறீங்களா?"

"வலிக்கும்னு தெரிஞ்சுதாங்க வெட்டுறோம். அதான் முன்னாடியே சொல்லிடுறது."

அதையும் எழுதினார். அப்போதுதான் பார்த்தேன். செடியிலிருந்து ஏறிய ஓர் அட்டை அவர் காதுக்குப் பின்னால் திராட்சைபோல் உப்பிக் கிடந்தது. அப்பா கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை. அந்த அட்டைக்கு என்னைத் தெரியும், என் கணக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். இது கற்பனையா பயமா என்று அவரைக் கேட்டிருக்கலாம்.

கேட்கவில்லை. அட்டையைப் பற்றியும் நான் முன்னாடியே சொல்லவில்லை. வேனில் ஏறும்போது அவருடைய வெள்ளைக் காலர் சிவந்திருந்தது.