முக்கால் சீட்டு மோகனாவைப் பற்றி உத்திரமேரூர் சொன்னது

வாடகை நூலகம் என்பது புத்தகத்தைக் கொடுத்து வாங்குகிற தொழில் என்று நம்பித்தான் நானும் இறங்கினேன். அது புத்தகத்தைக் கொடுத்துவிட்டுக் கருத்தை வாங்கிக் கட்டிக்கொள்கிற தொழில் என்பது கடை திறந்த மூன்றாம் நாளே தெரிந்துபோயிற்று. கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து காலம் தள்ளும் என் சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

கடைசிப் பக்கம்

தொண்ணூறுகளின் பின்பாதி. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என் கடை. அதை ஒட்டினாற்போல் என் வீட்டுக்காரர் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் கடை. எங்கள் ஊர் வாசகர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மாத நாவலைப் படித்து முடித்ததும் கடைசி வெள்ளைப் பக்கத்தில் பென்சிலால் தீர்ப்பு எழுதாமல் திருப்பித் தர மாட்டார்கள். "சூப்பர்", "தலைவலி", "குடும்பத்தோடு படிக்கலாம், முப்பதாம் பக்கம் தவிர" என்றெல்லாம் இருக்கும். அடுத்து எடுப்பவர் கதையைப் படிக்குமுன் தீர்ப்பைத்தான் படிப்பார்.

இதில் எனக்கு மட்டும் ஒரு தனி வயிற்றெரிச்சல் இருந்தது. "முக்கால் சீட்டு மோகனா" என்று ஒரு நகைச்சுவை நாவல் அப்போது வந்திருந்தது. மோகனா குண்டுப் பெண். பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் முக்கால்வாசி அவளுக்கே போய்விடும். எந்த நாற்காலியையும் இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள். ஐந்து மாப்பிள்ளைகள் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார்கள். ஆறாவதாக ஓர் ஒல்லிக்குச்சி வருவான். அவன் உட்கார்ந்ததும் நாற்காலி உடையும். மோகனா அவனை வேண்டாம் என்று சொல்லிவிடுவாள். ஆசிரியர் பெயர் உத்தரன். அந்த உத்தரன் நான்தான். என் வீட்டுக்காரரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. குண்டாக இருக்கிற ஒருத்தி குண்டுப் பெண் கதை எழுதினாள் என்று தெரிந்தால், ஊரே கதையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்குமே என்ற பயம்தான்.

இரண்டாம் பாகத்தையும் எழுதி அனுப்பியிருந்தேன். அதில் மோகனா மொபெட் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள். இளைக்கவில்லை. சென்னையிலிருந்து எடிட்டர் பதில் போட்டார். அதை எத்தனை தடவை படித்தேனோ, இன்றும் மனப்பாடம்: "அன்புள்ள உத்தரன் ஐயா, மோகனா இளைத்துக் கல்யாணம் செய்துகொண்டால்தான் இரண்டாம் பாகம் ஓடும் என்பது என் எண்ணம். வாசகர் தபால் வரட்டும், பார்த்துவிட்டு முடிவு செய்வோம்."

கொள்ளு

எங்கள் ஊரில் கடைசிப் பக்கத்தில் எழுதுவார்களே தவிர, தபாலா போடுவார்கள்? ஆகவே ஒரு கட்டு போஸ்ட் கார்டு வாங்கி, எடிட்டர் விலாசத்தை நானே எழுதி, கடையிலிருந்த மோகனா பிரதிகளில் ஒவ்வொன்றாகச் செருகிவைத்தேன். "படிச்சிட்டு எழுதி இதுலயே வெச்சுக் குடுங்க, நான் போஸ்ட் பண்ணிடறேன்" என்று எல்லோரிடமும் சொன்னேன். திரும்பி வந்த முதல் கார்டைப் பார்த்ததும் தலையில் கைவைத்தேன். "அன்புள்ள மோகனாவுக்கு" என்று ஆரம்பித்திருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது கார்டில் மட்டும் "மோகனாவின் தாயாருக்கு" என்று இருந்தது. விலாசம் மோகனாவின் வீட்டு விலாசம் என்றே எல்லோரும் நினைத்துவிட்டார்கள்.

காவாந்தண்டலத்தில் நிலபுலத்தோடு இருக்கும் கமலம்மா கார்டில் ஒன்றும் எழுதவில்லை. மஞ்சள் பையைக் கவுண்டர் மேல் பொத்தென்று வைத்தார். உள்ளே ஒரு படி கொள்ளு.

"நம்ம கொல்லையில வெளஞ்சது. ராவுல ஊறவெச்சி காலீல கஞ்சி காச்சிக் குடிக்கச் சொல்லு அந்தப் பொண்ண. கண்ட நேரத்துல போண்டா துண்ணுகினு இருந்தா எவன் கட்டிக்குவான்? நீ பார்சல் பண்ணி அனுப்பிடு," என்றவர் படியிறங்கப் போனார். பிறகு என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "மொத்தத்தையும் அனுப்பிடாத. நீயும் ரெண்டு புடி எடுத்துக்கோம்மா."

சீட்டுக் கணக்கு

காஞ்சிபுரம் ரூட்டில் ஓடும் கண்டக்டர் ஒருவர் என் நீண்டநாள் வாசகர். டிரிப்புக்கும் டிரிப்புக்கும் இடையில் நாஷ்டாவை முடித்துவிட்டு, டிக்கெட் பையோடு வந்து நின்றுகொண்டே பத்துப் பக்கம் படிப்பார். மோகனாவை நான்கு நாளில் முடித்தார். முகத்தில் சிரிப்பே இல்லை. நகைச்சுவை நாவல் எழுதிய எவளுக்கும் அதைவிடக் கொடுமையான காட்சி கிடையாது.

"பிடிக்கலையா சார்?" என்றேன், ஈனக்குரலில். அவர் புத்தகத்தைக் கவுண்டரில் வைத்து ஒரு விரலால் தட்டினார். "எய்துனவன் ஜென்மத்துல பஸ் ஏறுனதில்லம்மா. அந்தப் பொண்ணு முக்கால் சீட்டுல குந்திகினு கீதுன்னா, மீதி கால் சீட்டு அது பாட்டுக்குக் காலியா வருதாம். என் வண்டின்னா அதுல ரெண்டு ஆளையும் ஒரு கோயிக்கூடையையும் வெச்சிருப்பேன்."

ஜாதகம்

ஒரு முகூர்த்த நாளன்று வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் மோகனா சகிதம் ஒரு பெரியவர் வந்தார். ஐயங்கார்குளத்துக்காரர். உள்ளூரில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்க வந்தவர், மகள் எடுத்துவைத்திருந்த நாவலை ஒரே மூச்சில் படித்திருக்கிறார். வந்தவர் உட்காரவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மடியிலிருந்து நாலாக மடித்த, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய காகிதத்தை எடுத்து நீட்டினார். பையனின் ஜாதகம். பையனும் நல்ல கனமாம். பார்க்கிற இடத்திலெல்லாம் பெண் வீட்டார் சிரிக்கிறார்களாம்.

நான் மெதுவாக, "ஐயா, அது கதைங்க" என்றேன்.

"கததான், எனுக்குத் தெரியாதா? ஆனா நாக்காலிய தட்டிப் பாக்கறத எல்லாம் சொம்மா குந்திகினு யோசிச்சி எய்த முடியாதும்மா. அப்பிடி ஒரு பொண்ணு எங்கியோ கீது," என்றார். எனக்குப் பகீரென்றது. கையைக் கவுண்டருக்குக் கீழே இழுத்துக்கொண்டேன். எடிட்டருக்கு அனுப்பிப் பார்க்கிறேன் என்று ஜாதகத்தை வாங்கிவைத்தேன். அவருக்கு நிம்மதி. புத்தகத்தை மட்டும் தரவில்லை, அக்குளில் இடுக்கிக்கொண்டார். "பொருத்தம் பாத்துட்டு சொல்லு. சரியில்லன்னா புஸ்தகத்த குடுத்துட்றேன்."

வீட்டுக்காரர் அபிப்பிராயம்

என் வீட்டுக்காரர் ஏழுமலைக்குப் படிக்கிற பழக்கம் கிடையாது. இருந்தாலும் மனைவி எழுதியதாயிற்றே என்று ஒரு நாளைக்கு இரண்டு பக்கமாக, காயில் கட்டுகிற இடைவேளையில், கிரீஸ் விரலால் புரட்டிப் புரட்டி மூன்று மாதத்தில் முடித்தார். அன்று சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மனிதர் உருகிப்போய்விட்டார் என்று நினைத்தேன். எனக்கும் கண் கலங்கத் தயாராக இருந்தது. அவர் தண்ணீரைக் குடித்துச் செம்பை வைத்தார். "நல்லாத்தான் கீது. ஆனா நாப்பதாம் பக்கத்துல அது கத்திரிக்கா கொயம்பு வெக்குது பாரு, அதுல கடசி வரைக்கும் நீ புளியே ஊத்தல."

ஏனாத்தூர் கார்டு

வித்யா ஏனாத்தூரில் கல்லூரிக்குப் போய்வருகிற பெண். சனிக்கிழமை தோறும் வருவாள், அதிகம் பேச மாட்டாள். கார்டு முழுக்கப் பொடிப்பொடியாக எழுதி, இடம் போதாமல் ஓரத்திலும் எழுதியிருந்தாள். மற்றவர்கள் மோகனாவுக்கு எழுதினார்கள் என்றால், அவள் ஒருத்திதான் உத்தரனுக்கு எழுதியிருந்தாள். "மோகனா வாயைத் திறக்கும்போதெல்லாம் ஆசிரியர் அதில் போண்டாவை வைத்துவிடுகிறார். அவளைப் பேச விட்டால் என்ன?" என்று ஆரம்பம்.

எனக்குச் சுரீரென்றது. கடையிலேயே ஒரு பிரதியை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். துக்கத்துக்குப் போகிற இடத்திலும் அவளைச் சாப்பிட வைத்திருக்கிறேன். பஸ்ஸிலும், ஜவுளிக்கடையிலும், பெண் பார்க்க வருகிற இடத்திலும் சாப்பிடுகிறாள். பிறர் சிரிப்பதற்கு முன் நானே சிரித்துவிட்டால் வலிக்காது என்பது சின்ன வயதிலிருந்து நான் பழகிய வித்தை. அதையே மோகனாவுக்கும் செய்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. கார்டின் ஓரத்தில் இருந்த கடைசி வரி இது: "ஐந்து மாப்பிள்ளைகள் சிரித்தார்கள், சரி; ஆசிரியர் ஏன் அவர்களோடு சேர்ந்து சிரிக்கிறார்?"

சேற்றுக் கைநாட்டு

அந்தக் கார்டை இரண்டு நாள் கல்லாப்பெட்டியில் பூட்டி வைத்திருந்தேன். எடிட்டர் படித்தால் இரண்டாம் பாகம் அத்தோடு சரி. கிழித்துப் போட்டால் யாருக்கும் தெரியாது. கிழிக்கலாமா என்று அதைக் கையில் எடுத்து வைத்திருந்தபோதுதான் கன்னியம்மா வந்து நின்றாள். ஊர்க்கோடியில் குடியிருந்து நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். அவர்கள் நடவுக் கூட்டத்தில் ஒரு பெண் எட்டாவது வரை படித்தவள். மத்தியானம் வரப்பில் கஞ்சி குடிக்கும்போது அவள் சத்தமாகப் படிப்பாள், மற்றவர்கள் கேட்பார்கள். அப்படித்தான் மோகனாவை முடித்திருந்தார்கள்.

கன்னியம்மா நீட்டிய கார்டில் எழுத்து ஒன்றுகூட இல்லை. சேற்று விரல்களால் வரிசையாகக் கைநாட்டு வைத்திருந்தார்கள். "இதான் எங்க கருத்து" என்றாள். எடிட்டருக்குப் புரியாதே என்றேன். "அப்ப நான் சொல்றன், நீ எய்து. நான் சொன்னத அப்பிடியே எய்தணும். ஒண்ணியும் கூட்டக்கூடாது, கொறைக்கக்கூடாது" என்றாள். எழுதிவிட்டுப் படித்துக்காட்டச் சொல்லுவாள் என்று அவள் பார்வையிலேயே தெரிந்தது. பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"மோகனா எளைக்கக்கூடாது. எளச்சிட்டா அந்த அஞ்சு பேரு சிரிச்சது சரின்னு ஆயிடும்" என்றாள். எழுதினேன். "அந்த ஒல்லிப் பையன் குந்தி நாக்காலி ஒடஞ்சப்ப, சிரிச்ச சிரிப்புல எங்க கஞ்சிக் குண்டான் கவுந்துகினு போச்சு. அத்தயும் எய்து." எழுதினேன். அடுத்த வரிக்காக நிமிர்ந்தால், என் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அதையும் எழுதச் சொல்லித்தான் கேட்டாள்: "நீ இப்ப குந்தறதுக்கு மின்ன ரெண்டு தட்டு தட்டினியே, நீ அவளப் பாத்துக் கத்துக்கினியா, அவ உன்னப் பாத்துக் கத்துக்கினாளா?"

அன்புள்ள அம்மா

அவள் சொன்னதில் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அந்தக் கேள்வியையும் எழுதி, அதற்குக் கீழே, "பதில்: அவள்தான் என்னைப் பார்த்து. இதை எழுதுவது உத்தரன்" என்று நானாக ஒரு வரி சேர்த்தேன். அதைப் படித்துக்காட்டியபோது கன்னியம்மா சிரித்த சிரிப்புக்குப் பக்கத்துக் கடையில் காயில் கட்டிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்துவிட்டார். வித்யாவின் கார்டையும் கிழிக்கவில்லை. கைநாட்டுக் கார்டு, மோகனாவுக்கு வந்தவை, மோகனாவின் தாயாருக்கு வந்தது, ஜாதகம், எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கூடவே எடிட்டருக்கு ஒரு கடிதம்: மோகனா இளைக்க மாட்டாள், போண்டாக்களை மட்டும் குறைத்துத் தருகிறேன், சம்மதமில்லை என்றால் கதையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

பதில் வரும்வரை தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டாலே கவுண்டரை விட்டு எழுந்துவிடுவேன். ஒரு திங்கட்கிழமை வந்தது. பிரித்ததும் முதல் வரி "அன்புள்ள அம்மா" என்று இருந்தது. கண்ணை நீர் மறைத்துவிட்டது, வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் நின்றுதான் மீதியைப் படித்தேன். "மோகனா உள்ளபடியே இருக்கட்டும், மொபெட் தாங்கும். ஒரு தடவை ஆபீசுக்கு வந்து போங்கள். இங்கே நாற்காலி எல்லாம் இரும்பு, தட்டிப் பார்க்காமலே உட்காரலாம்."

ஆகவே சக பாவிகளே, இந்தத் தொழிலில் எனக்கு வந்து சேர்ந்த கருத்துகளில் நான் இன்றுவரை வாயில் போட்டுக்கொள்ளாமல் வைத்திருப்பது கமலம்மாவின் அந்த ஒரு படி கொள்ளு மட்டும்தான்.