தாரணி திறந்துவிட்ட குழாய்

முதலில் கேட்டது தண்ணீர்ச் சத்தம்தான். மேனாம்பேட்டில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில், குளியலறைக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, என் மகள் தாரணி கதவோரம் நிற்பாள். தண்ணீரில் கை வைக்க மாட்டாள், விளையாட மாட்டாள். வாளி நிரம்பி வழிந்துகொண்டே இருக்கும்.

அவளுக்கு ஆறு வயது. ஆட்டிசம் (பேச்சு, முகக்குறிப்பு, பழக்கவழக்கம் இவற்றை மூளை வேறு விதமாகக் கையாளும் வளர்ச்சி நிலை) என்று சின்ன வயதிலேயே சொல்லிவிட்டார்கள். பேச்சு இன்னும் வரவில்லை. குழாய்ப் பைத்தியமும் அதில் சேர்த்தி என்று நானே முடிவுகட்டினேன். என்னைப் போன்றவர்கள் வீட்டில் பிள்ளை தும்மினால்கூட ஆட்டிசம்தானே!

குளியலறைக்குத் தாழ்ப்பாள் போட்டேன். அடுப்படிக் குழாயைத் திறந்தாள். அங்கிருந்தும் விரட்டினால் பூட்டிய கதவில் தலையை முட்டினாள். வேறு வழியில்லாமல் தாழ்ப்பாளை எடுத்துவிட்டேன்.

கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அம்மா மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.

"இன்னாம்மா, மறுபடியும் டேங்க் காலியா கீது! லாரித் தண்ணி இன்னா சும்மாவா வருது? பாப்பாவப் பாத்தா எனுக்கும் பாவமாத்தான் கீது. ஆனா இன்னொரு தபா இப்டி ஆச்சு, நீ வேற ஊடு பாத்துக்கோ."

வேறு வீடு யார் தருவார்கள்? 'சத்தம் போடுற பொண்ணா?' என்று கேட்டுக் கதவைச் சாத்தியவர்களை ஏற்கெனவே பார்த்தாயிற்று. இங்கிருந்து பயிற்சி மையம் நடக்கிற தூரம். வாடகை குறைவென்று திருநின்றவூர்ப் பக்கம் போனால், காலைநேர ரயில் கூட்டத்தில் அவளைத் தினமும் கொண்டுவருவது ஆகிற காரியமா?

மையத்தில் நடத்தைப் பயிற்சி (ஒரு செயலுக்கு முன்னும் பின்னும் என்ன நடக்கிறது என்று கவனித்து, வேண்டிய பழக்கத்தைச் சிறுகச் சிறுகக் கற்பிப்பது) தருகிறார்கள். அங்கே ஜெனிபர் என்று ஓர் ஆராய்ச்சி மாணவி வந்திருந்தாள். குழந்தைகள் எப்படிக் கற்கிறார்கள், அம்மாக்களின் மனநிலை எப்படி இருக்கிறது, இரண்டுக்கும் என்ன தொடர்பு என்பது அவள் ஆய்வு. பிள்ளையைப் பாரென்றால் என்னை நோண்டுகிறாளே என்று எனக்கு எரிச்சல்.

"எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன். நீ குழாய்க்கு ஒரு வழி சொல்லும்மா."

"சரிக்கா. அவ எழுந்து போறதுக்கு முன்னாடி என்ன நடக்குதுன்னு பாக்கணும். போனை ஹால்ல நிக்க வச்சு வீடியோ எடுத்துட்டு வாங்க."

எடுத்துப் போனேன். அவள் அதை மடிக்கணினியில் ஓட்டினாள். நான் துணி மடித்துக்கொண்டிருக்கிறேன். தாரணி பாட்டில் மூடிகளை வரிசையாக அடுக்குகிறாள். என் கை நின்றுபோகிறது. மடித்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்க்கிறேன். தாரணி தலையைத் திருப்பாமல் ஓரக்கண்ணால் என் முகத்தைப் பார்க்கிறாள். எழுந்து போகிறாள். தண்ணீர்ச் சத்தம். திரும்பி வந்து என் விரலைப் பிடித்து இழுக்கிறாள். படத்தில் இருக்கும் நான், "சனியனே, மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா!" என்று கத்துகிறேன்.

இன்னொரு நாள் எடுத்த வீடியோவிலும் அதேதான்.

"அக்கா, உங்களுக்கு அழுகை வந்தா என்ன செய்வீங்க?" என்றாள் ஜெனிபர்.

"பாத்ரூமுக்குப் போவேன்."

"போய்?"

"சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு குழாயைத் தொறந்து..."

வீடியோவை மறுபடியும் ஓட்டச் சொன்னேன்.

தாரணி தினமும் பார்த்தது இதைத்தான்: அம்மாவின் முகம் வாடுகிறது. உள்ளே போகிறாள், தண்ணீர் ஓடுகிறது. முகம் கழுவி, கொஞ்சம் தேறி வெளியே வருகிறாள். ஆக, அம்மாவுக்கு மருந்து தண்ணீர். மையத்தில் நிறம் கற்பிக்க, சிவப்பு அட்டையைத் தொடவைக்க மாதக்கணக்கில் நாங்கள் மல்லுக்கட்டிய பிள்ளை இதை யாரும் சொல்லித்தராமலே கற்றிருந்தாள். 'அவளுக்கு அம்மான்னா என்னன்னே தெரியாது' என்று சொந்தக்காரர்கள் சொன்னதை நானும் நம்பிக்கொண்டிருந்தேன். பாவி, நானும்தான் நம்பினேன்.

ஜெனிபர் என்னை மனநல மருத்துவரிடம் அனுப்பினாள். "பேஷன்ட் யாரு?" என்று நர்ஸ் கேட்டபோது, பழக்கதோஷத்தில் தாரணியைக் காட்டினேன். எனக்கிருப்பது டிப்ரஷன் (மனச்சோர்வு நோய், வெறும் கவலையல்ல, தூக்கம், பசி, நினைப்பு எல்லாவற்றையும் தின்பது) என்றார் மருத்துவர். பிள்ளைக்கு வந்ததும் என்னால்தானா என்று கேட்டேன்.

"ஆட்டிசம் உங்களால வந்ததில்லைம்மா. அந்த எண்ணத்தை இங்கேயே விட்டுட்டுப் போங்க. உங்க நோய் வேற, அதுக்கு மருந்து இருக்கு."

வீட்டில் என் கணவர் சேகரிடம் சொன்னேன். சாப்பிட்ட கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"தினமும் அழுவியா நீ? நான் வீட்ல இருக்கும்போதுமா?"

"ஆமா."

எச்சில் கை காயும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

மாத்திரையோடு பயிற்சியும் தொடங்கியது. அழுகை வந்தால் ஹாலிலேயே உட்கார்ந்து அழ வேண்டும் என்பது எனக்குப் பாடம். குழாய்க்குப் பதில் துண்டைக் கொண்டுவந்து தர வேண்டும் என்பது தாரணிக்குப் பாடம். அவள் சீக்கிரம் கற்றுக்கொண்டாள். பிறர் பார்க்க அழுவதற்கு எனக்குத்தான் நாளாயிற்று.

தொட்டி காலியாவது நின்றது. விஷயம் கேட்ட வீட்டுக்கார அம்மா வாயில் கைவைத்துக்கொண்டார். "அய்யய்யோ! பாப்பா உனுக்கோசரமா தொறந்து வுட்டுச்சு? நான் பாட்டுக்குக் கத்திகினு கெடந்தேனே!" அதன்பின் வீடு மாறும் பேச்சையே அவர் எடுக்கவில்லை.

என் நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். பிள்ளையைக் காட்டப் போகும் இடத்தில் உங்களையும் காட்டிக்கொள்ளுங்கள்.

இப்போது பரவாயில்லை. பசிக்கிறது, தூங்குகிறேன். ஆனால் பக்கத்து வீட்டில் குழாய் ஓடினால், யார் அழுகிறார்கள் என்றுதான் இன்னும் முதலில் தோன்றுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை டீ குடித்துக்கொண்டிருந்தேன். தாரணி துண்டோடு வந்து நின்றாள். என் முகத்தைத் தொட்டுப் பார்த்தேன், ஈரமே இல்லை.

"அம்மா அழலைடி, நல்லாத்தான் இருக்கேன்" என்றேன்.

துண்டை நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தாள். டீ டம்ளரைக் கீழே வைத்தேன். அப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது.