ஜெபக்கூடத்துக்கு ரபி தேடிய கதை

அடுத்தவர் கோயில் ஆபீஸில் வேலை பார்த்தால் சண்டை சச்சரவு நம்மைத் தொடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் நம்பித்தான் சேர்ந்தேன்.

மெல்போர்னின் தென்கிழக்கில் ஒரு யூத ஜெபக்கூடத்தில் நான் ஆபீஸ் மேனேஜர். திருச்சிக்காரி, மல்கிரேவில் வீடு. ஃபோன் எடுப்பது, ஹால் வாடகைக்கு விடுவது, கல்யாணத் தேதி குறிப்பது எல்லாம் என் தலையில். பழைய ரபி ஓய்வு பெற்று சிட்னியில் மகள் வீட்டோடு போய்ச் சேரும்வரை நிம்மதியாகத்தான் இருந்தேன். ரபி என்றால் அவர்களுக்கு குரு, பிரசங்கி, பஞ்சாயத்து செய்கிறவர் எல்லாமே. அவர் இடம் காலியானதும் சபை இரண்டாகப் பிளந்தது. பாதிப் பேருக்கு, இருக்கிற உதவி ரபி டேனியலே போதும். இளைஞர், மூன்று குழந்தைகள், ஒப்பந்தம் இந்த வருடக் கடைசியோடு முடிகிறது. பல் டாக்டர் மார்க் இந்தக் கட்சிக்குத் தலைவர். மீதிப் பேருக்கு வெளிநாட்டிலிருந்து பெரிய ஆளாக வேண்டும். அதற்குத் தலைவர் ரிட்டயர்டு வக்கீல் லெஸ்லி.

அவர்கள் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளியதைத் தமிழில் தருகிறேன். நீங்களும் ஏதாவது ஒரு கமிட்டியின் கீழ் குப்பை கொட்டியவர் என்றால் விளக்கமே தேவைப்படாது.

பெண் பார்க்கும் படலம்

வெளியூர் ரபியை வேலைக்கு எடுப்பதற்கு முன்னால் ஒரு வார இறுதிக்கு வரவழைத்துப் பார்ப்பார்கள். நம் ஊரில் பெண் பார்ப்பது போலத்தான், பஜ்ஜி சொஜ்ஜி மட்டும் இல்லை. வந்தவர் பிரசங்கம் செய்ய வேண்டும், எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், சாப்பிடும்போதே கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். கூட வந்த மனைவியைப் பெண்கள் தனியாக ஒரு மூலைக்குக் கொண்டுபோய் விசாரிப்பார்கள். லண்டனிலிருந்து ஒருவர் இப்படித்தான் வந்தார். பாவம், விமானக் களைப்பில் கண் சொருகியபடியே சிரித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை ஓய்வுநாள், அவர்கள் ஃபோனைத் தொட மாட்டார்கள். பொழுது சாய்ந்து வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்தால் ஓய்வுநாள் முடிந்தது. எனக்கு முதல் ஃபோன் மூன்றாவது நட்சத்திரத்தோடு சேர்ந்தே வந்துவிடும். அன்றைக்கு நான் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். மூத்த உறுப்பினர் ஜூடித் அம்மா பேசினார். பிரசங்கம் பிடிக்கவில்லையா என்று கேட்டேன்.

"பிரசங்கம் ரொம்ப நல்லா இருந்துச்சு. இவ்வளவு நல்லா பேசுறவரை லண்டன்ல ஏன் விட்டாங்கன்னுதான் எனக்கு சந்தேகம்."

ஏ.சி. விவகாரம்

ஓய்வுநாளில் அவர்கள் சுவிட்ச் போட மாட்டார்கள். யூதரல்லாத என்னிடம் "போடு" என்று சொல்லவும் கூடாது. ஆனால் தனக்கு என்ன கஷ்டம் என்பதைப் பொதுவாகச் சொல்லலாம். நானாகப் புரிந்துகொண்டு எழுந்து போனால் தப்பில்லை. சேர்ந்த புதிதில் எனக்கு இது புரியவே இல்லை. ஒருவர் "இந்த ரூம் இருட்டா இருக்கே" என்றபோது "ஆமா சார்" என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டிருந்தேன். இப்போது தேறிவிட்டேன். அதுதான் வினையாகிப் போனது.

சண்டை முற்றியதும் லெஸ்லி கட்சி சன்னலோரமும் மார்க் கட்சி சுவரோரமும் உட்கார ஆரம்பித்தார்கள். சன்னல் பக்கம் வெயில். "என்னமா புழுங்குது" என்று லெஸ்லி காற்றைப் பார்த்துச் சொன்னார். ஏ.சி.யைப் போட்டேன். "யாருக்கோ மூட்டுவலி வரப்போகுது" என்று மார்க் கூரையைப் பார்த்துச் சொன்னார். அணைத்தேன். மறுபடி புழுங்கியது. மறுபடி மூட்டுவலி. காலை முழுக்க சுவிட்சுக்கும் கதவுக்கும் நடந்து என் கால்தான் வலித்தது. பொறுமை போய், நேராகவே கேட்டேன்: "சார், போடணுமா, வேண்டாமா?" லெஸ்லி வாழ்நாளெல்லாம் கோர்ட்டில் நின்றவர் அல்லவா, அசரவே இல்லை.

"நான் உன்கிட்ட எதுவுமே கேட்கலையேம்மா. வானிலையைப் பத்தி ஒரு அபிப்பிராயம் சொன்னேன்."

சிவம் அண்ணனின் ஆறுதல்

டேனியலா, வெளியாளா என்ற வாக்கெடுப்புக்கென்று பொதுக்கூட்டம் போட்டார்கள். கையைத் தூக்கி வாக்களிப்பதா, சீட்டில் எழுதிப் போடுவதா என்று பேச்சு ஆரம்பித்தது. அதை முடிவு செய்ய ஒரு வாக்கெடுப்பு வேண்டும் என்றார் ஒருவர். அந்த வாக்கெடுப்பைக் கையால் நடத்துவதா, சீட்டாலா என்று கேட்டார் இன்னொருவர். கூட்டம் அத்தோடு கலைந்தது. நான் தலையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அங்கே செக்யூரிட்டி வேலை பார்க்கும் சிவம் அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர், அவர்கள் ஊர்க்காரர்களின் கோயில் கமிட்டியில் பல வருடம் இருந்து நொந்தவர். என் புலம்பலை எல்லாம் கேட்டுவிட்டு, தன் நாற்காலியைத் தட்டிக் காட்டி அமைதியாகச் சொன்னார்.

"ஓம் தங்கச்சி, விளங்குது. ஆனா ஒருத்தரும் கதிரையைத் தூக்கி எறியேல்லைத்தானே? அப்ப இது நல்ல சபை."

பத்துப் பேர்

இதை மட்டும் என்னால் சிரித்துக்கொண்டே எழுத முடியவில்லை.

ஜோயல் பக்கத்துத் தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். அவருடைய அம்மா போன குளிர்காலத்தில் இறந்துபோனார். பெற்றவர்களுக்காகப் பிள்ளை மாதக்கணக்கில் தினமும் சொல்ல வேண்டிய பிரார்த்தனை ஒன்று உண்டு, காதிஷ் என்பார்கள். அதைத் தனியாகச் சொல்ல முடியாது. பத்து யூத ஆண்கள் கூடியிருக்க வேண்டும். ஒன்பது பேர் இருந்தால் கிடையாது. ஜோயல் ஒரு கட்சியிலும் இல்லை. காலையில் வந்து அம்மாவுக்குச் சொல்லிவிட்டுப் போய்க் கடையைத் திறப்பார், அவ்வளவுதான்.

டேனியல் நடத்தும் பிரார்த்தனையில் நிற்க மாட்டோம் என்று லெஸ்லி கட்சி மாடி அறைக்குப் போனது. அதிலிருந்து கீழேயும் பத்து சேரவில்லை, மேலேயும் சேரவில்லை. ஜோயல் இரண்டு நாள் வந்து நின்றுவிட்டு, காதிஷ் சொல்லாமலே கடைக்குப் போனார்.

மூன்றாம் நாள் மாடியில் எட்டுப் பேர், ஜோயலோடு ஒன்பது. கீழே டேனியலோடு ஏழு பேர். ஒரே கட்டடத்துக்குள் தேவைக்கு மேலேயே ஆள் இருந்தார்கள்! என்னை எண்ணிக்கையில் சேர்க்க முடியாது. நான் யூதரும் இல்லை, ஆணும் இல்லை. மேலே ஓடிக் கேட்டேன். "அவங்க மேலே வரட்டும்." கீழே ஓடிக் கேட்டேன். "அவங்க இறங்கி வரட்டும்." ஜோயல் மாடிப்படி நடுவில், எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல், கடைச் சாவியைப் பிடித்தபடி நின்றார். கண் கலங்கியிருந்தது. "அவர் அம்மாவுக்காகக் கேட்கிறார், உங்களுக்கெல்லாம் அம்மா இல்லையா?" என்று நான் கத்தியே விட்டேன். ஒருவரும் நகரவில்லை.

டேனியல் எழுந்தார். மார்க் அவர் கையைப் பிடித்து, "மேலே போனா நாம தோத்ததா அர்த்தம். அப்புறம் இந்த வேலையை மறந்துடுங்க" என்றார். டேனியல் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு படியேறினார். போகும்போது ஜோயலின் முதுகில் கை வைத்துக் கூட்டிப் போனார். கடைசி வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அறையே அவரைப் பார்த்தது. லெஸ்லி தொண்டையைச் செருமினார்.

"பத்தாவது ஆளா எண்ணிக்கிறோம். ரபியா எண்ணலை."

முடிவு

ஜோயல் காதிஷ் சொன்னார். மற்றவர்கள் ஆமென் சொன்னார்கள். நான் கதவுக்கு வெளியே நின்று அழுதேன், பாதி நிம்மதியில், பாதி கோபத்தில்.

அந்த வாரமே, இத்தனை மாதமாக எதிலும் ஒத்துப்போகாத இரு தரப்பும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: டேனியல் சரிப்பட மாட்டார். மேலே போனதால் மார்க் கட்சிக்கு அவர் மேல் கோபம். மேலே வந்தது வோட்டுக்காகத்தான் என்று லெஸ்லி கட்சி அடித்துச் சொன்னது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அடிலெய்டில் ஒரு சின்ன சபை கூப்பிட்டிருக்கிறது, குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் பார்த்துக்கொண்டிருக்கிறார். விஷயம் தெரிந்து ஜோயல் ஆபீஸுக்கு வந்தார். சத்தம் போடுவார் என்று பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ரபின்னா என்ன வேலை செய்யணும்னு இவங்க நெனைச்சுக்கிட்டு இருக்காங்க?"

"ரபி தேவை" விளம்பரத்தை, லண்டன்காரரும் வர முடியாது என்று எழுதிவிட்டதால், இந்த வாரம் மறுபடியும் நான்தான் தட்டச்சு செய்கிறேன். "அனைவரையும் ஒன்றிணைப்பவராக இருக்க வேண்டும்" என்ற வரியை மட்டும் இரண்டு கட்சியும் தனித்தனியாக ஃபோன் போட்டுச் சேர்க்கச் சொன்னார்கள்.