இடப்பக்கம் இரண்டு பெட்டி

கல்யாணமான புதிதில் நான் அடிக்கும் ஜோக்குகளில் பாதிக்குத்தான் என் மனைவி சிரிப்பாள். மீதிப் பாதிக்கு முகம் சும்மா இருக்கும். நம் சரக்கு அவ்வளவுதான் போலிருக்கிறது என்று நாலு வருஷம் என்னையே நொந்துகொண்டேன். அவளுக்கு வலது காது கேட்காது என்பதை, எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர்தான் எனக்குச் சொன்னது.

அப்போது நெரவியில் இருந்தோம். நான் காரைக்காலில் குமாஸ்தா. எங்கள் தெருவில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர்களை அப்படித்தான் சொல்வோம். மகனோடு பிரான்சுக்கே போய்விடுவதென்று கிளம்பியவர், பென்ஷன் காகிதங்களை நிரப்பிக் கொடுத்த நன்றிக்காக அந்த வால்வு ஆம்ப்ளிஃபயரை என் சைக்கிள் கேரியரில் ஏற்றிவிட்டார். கன்றுக்குட்டி கனம்.

"தோதான ஸ்பீக்கரா பாத்துப் போடு தம்பி. பொருந்தலேன்னா ரெண்டும் சேந்து கெடும்" என்றார்.

மைக் செட்டுக் கடை பாயிடம் ஒரு ஜோடி ஸ்பீக்கர் பெட்டியும், பழைய ரெக்கார்டு பிளேயர் ஒன்றும் கிடைத்தன. ஆம்ப்ளிஃபயரின் பின்புறம் நாலு, எட்டு, பதினாறு என்று எண்கள் போட்டுத் திருகாணிகள் இருந்தன. நான் நன்றாக யோசித்துப் பதினாறில் மாட்டினேன். கிணற்றுக்குள் ஜலதோஷக்காரர் உட்கார்ந்து பாடுவதுபோல் ஒரு குரல் வந்தது. கொஞ்ச நேரத்தில் தார் உருகும் வாசனையும் வந்தது.

பாய் வந்து பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஸ்பீக்கர் நாலு ஓம்ஸ் சார். பின்னாடியே எழுதியிருக்கே. இத ஏன் பதினாறுல மாட்டுனீங்க?"

"பெரிய நம்பரா இருந்தா பெரிய சத்தம் வரும்னு நெனச்சேன் பாய்."

"செருப்பும் அப்படித்தான் வாங்குவீங்களா?"

வயரை நாலுக்கு மாற்றிவிட்டுப் போனார். அதன்பிறகு வந்தது வேறு சத்தம். வெளியே ஐப்பசி மழை விட்டு, வாய்க்கால் நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே வால்வுகள் ஆரஞ்சுச் சுளைபோல் மங்கலாக எரிந்தன. வீணை இடது பெட்டியிலிருந்து கிளம்பி, ஈரக் காற்றில் மிதந்து, ஜன்னல் கம்பியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவதுபோல் இருந்தது. வலது பெட்டியில் மிருதங்கம். நடுவில் நான், காலுக்கடியில் தரை இல்லாத ஆள்மாதிரி.

இந்த அதிசயத்தைத் தனியாக அனுபவிக்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் மனைவியை நடு நாற்காலியில் உட்காரவைத்தேன்.

"கண்ண மூடிக்க. மிருதங்கம் எந்தப் பக்கம்? கையக் காட்டு."

இடது பக்கம் காட்டினாள்.

"வீணை?"

அதற்கும் இடது பக்கம்தான்.

"ரெண்டு பேரையும் ஒரே பலகையில ஒக்கார வச்சுட்டியே" என்று சிரித்தேன்.

அவள் கண்ணைத் திறந்தாள். சிரிக்கவில்லை.

"எனக்கு வலது காது கேக்காதுங்க. சின்ன வயசுல சீழ் வச்சுப் போயிடுச்சு. பொண்ணு பாக்க வந்தப்ப, சொல்ல வேணாம்னுட்டாரு அப்பா."

"எங்கிட்டயாவது பின்னாடி சொல்லியிருக்கலாமே?"

"எப்படிச் சொல்றது? ரசத்துல உப்பு போட மறந்தத ஆபீஸ் பூரா சொல்லிச் சிரிச்சவராச்சே நீங்க. இதையும் சொன்னீங்கன்னா, தெருவுல ஒவ்வொருத்தரா பின்னாடி வந்து கூப்புட்டுப் பாப்பாங்க."

என் கோபத்துக்கு அவள் பயப்படவில்லை. என் வாய்க்குப் பயந்து நாலு வருஷம் இருந்திருக்கிறாள். எங்கே போனாலும் எனக்கு வலப்பக்கமாகவே அவள் நடந்து வந்தது, கேட்கிற காதை என் பக்கம் வைத்துக்கொள்ளத்தான் என்று அப்போது புரிந்தது. நான் இடம் மாறி உட்கார்ந்தபோதெல்லாம் என் ஜோக்குகள் சுவரில் மோதி விழுந்திருக்கின்றன.

இரண்டு பெட்டிகளையும் அவள் நாற்காலிக்கு இடப்பக்கமாகவே வைத்துவிடலாம் என்று தோன்றியது. ஒன்றுக்கு வயர் எட்டவில்லை. மறுபடியும் பாயைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

"ரெண்டையும் ஒரே பக்கம் வச்சா எதுக்கு சார் ஸ்டீரியோ? ஒரு கண்ணக் கட்டிக்கிட்டு சினிமா பாக்குற மாதிரியில்ல இருக்கு! ஏன் இப்படி?"

காபி டம்ளரோடு வந்த என் மனைவி அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டாள். பாயின் நாக்கு என் நாக்குக்கு அண்ணன். வாயைத் திறந்தால் ஜோக்காக வரும் எனக்கு அன்று வந்தது இதுதான்:

"எனக்கு வலது காது கேக்காது பாய்."

பாய் எழுந்து, என் இடது பக்கமாகச் சுற்றி வந்து, காதருகில் குனிந்து கத்தினார்: "மொதல்லயே சொல்றதுக்கென்ன சார்!"

அடுக்களையில் ஏதோ பொங்கி வழியும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நாலு வருஷத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை.

இரண்டு நாளில் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஆபீசில் மேலதிகாரி, மேஜையைச் சுற்றி இடது பக்கம் வந்து நின்று திட்ட ஆரம்பித்தார். எந்தக் காது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்வதே எனக்குப் பெரும் பாடு. ஒருநாள் கடைத்தெருவில் பாய் வலது பக்கம் மெதுவாகச் சொன்னதற்குப் பட்டென்று பதில் சொல்லிவிட்டேன்.

"கேக்குதே சார்?"

"மழைக்காலத்துல கொஞ்சம் தெறந்துக்கும் பாய்" என்று சமாளித்தேன்.

இதை எழுதட்டுமா என்று போன வாரம் அவளிடம் கேட்டேன். "எழுதிக்குங்க. இத்தன வருஷம் நீங்க செவிடா இருந்தது போதும்" என்றாள்.

பெட்டிகள் இன்னும் இடப்பக்கம்தான் இருக்கின்றன. சாயங்காலங்களில் வால்வு சூடாகும்வரை, மூன்றாவது பெட்டிபோல் நானும் அவற்றின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். என் ஜோக்குகள் எல்லாம் இப்போது நேராக அவள் இடது காதுக்கே போகின்றன.

இன்னமும் பாதிக்குத்தான் சிரிக்கிறாள்.